தேத்தண்ணி நேரத்தில் நகர்ந்த பாதை

விதர்கூம் ஊரின் ஒற்றையடிப்பாதை வீடுகளுக்குள் வரத் தொடங்கிய அந்த வருசம், பீச் என்ற காட்டுமரங்கள் ஒரு கிழமை முந்தியே செம்பு நிறத்துக்கு மாறிவிட்டன, முட்பற்றைகளில் பிளாக்பெரிப் பழம் பறிக்க ஆளில்லாமல் கறுத்துக் கிடந்தது, தேவாலயத்துக் கூரையில் காகங்கள் வரிசை பிடித்து உட்கார்ந்து ஊரையே பார்த்துக்கொண்டிருந்தன, தையல்நாயகிக்கோ சந்தோசம் தாங்கவில்லை. அவ்வளவு சந்தோசப்பட்டிருக்கக் கூடாது என்று இப்போது சொல்லலாம், அப்போது யார் கண்டது?

தையல்நாயகி யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவள். பதினான்கு வயதில், பள்ளிக்கூட லைப்ரரியில் எடுத்த இங்கிலீசுக் கதைப்புத்தகங்களை வியர்க்க வியர்க்கக் குப்புறப் படுத்து வாசித்த காலத்திலேயே, கண்ணால் காணாத இலையுதிர்காலத்துக்கு மனதைக் கொடுத்துவிட்டவள். மூடுபனி, சேறு, நனைந்த நாய், சப்பாத்தில் ஒட்டிய இலை, ஆறு மைல் நடந்துவிட்டு வந்து நெருப்புக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு இன்னொரு புத்தகத்தை எடுக்கிற மனிதர்கள். கொக்குவிலில் நெருப்புக்கு முன்னால் காலை நீட்டினால் விசர், பைத்தியம் என்பார்கள், அது அவளுக்குத் தெரியாதா, தெரியும், என்றாலும் ஆசை விடவில்லை. பிறகு சண்டை வந்தது, கலியாணம் வந்தது, லண்டன் வந்தது, லண்டன் சலித்துப்போய் மேற்கே மலைச்சரிவில் இருந்த இந்தச் சின்ன ஊரின் கடையைப் புருசனும் பெண்சாதியுமாக வாங்கி, இருபத்துமூன்று வருசம் தபால்முத்திரையும் பாலும் பத்திரிகையும் விற்றார்கள். வந்த முதல் ஒக்டோபரில் பீச் காட்டுக்குள் போய் நின்று அவள் அழுதாள். புத்தகங்கள் ஒரு சொல் பொய் சொல்லவில்லையே என்று அழுதாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருசமும் இலை பழுக்கத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளை வீட்டில் பிடிக்க முடியாது. கோட்டுப் பையில் ஒரு புத்தகம், கழுத்தில் கம்பளித்துண்டு, தேவாலயத்து வாசலில் தொடங்கி, பிரிட்சர்டின் வயல் கடந்து, வேலியை ஏறிக் கடக்கிற மரப்படிகள் நாலைந்து தாண்டி, பீச் காட்டுக்குள்ளால் மலையைச் சுற்றி, மறுபடி தேவாலயத்துக்கே வந்து சேர்கிற மூன்று மைல் வட்டம். வாசலில் நின்ற கைகாட்டிமரத்திலும் மூன்று மைல் என்றுதான் செதுக்கியிருந்தது. ஊர்ச்சனம் எல்லோரும் அந்த வட்டத்தை வலப்பக்கமாகத்தான் சுற்றுவார்கள். எதிர்ப்பக்கமாக வந்தால் ஆளை ஆள் முகத்துக்கு நேரே சந்திக்க வேண்டும், நின்று கதைக்க வேண்டும், யாருக்கு வேண்டும் அந்தச் சங்கடம்? எல்லோரும் ஒரே பக்கம் நடந்தால் முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரியும், அது அவர்களுக்குப் போதும்.

அவளுடைய புருசன் குலசிங்கம் ஒருநாளும் கூடப் போனதில்லை. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர், சேறு பிடிக்காது, குளிர் பிடிக்காது. மூன்று வருசத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்தபின், கடையை விற்றுவிட்டு, முன்னறை யன்னலோரம் சக்கரம் வைத்த சில்லுக்கதிரையில் இருந்தபடி மனைவி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"செத்த இலையைப் பாக்கிறதுக்கு மூண்டு மைல் நடக்கிற சனம் உலகத்திலையே இஞ்சதான் இருக்கு. அதிலை நீரும் ஒண்டு" என்பார்.

"ஒருக்கா வந்து பாத்திருந்தா இப்பிடிச் சொல்லமாட்டியள்."

"கால் இருந்த காலத்திலையே வரேல்லை. இனியே வரப்போறன்? போட்டு நாலு மணிக்குள்ளை வாரும்."

அவளும் நாலு மணிக்குள் வந்துவிடுவாள். வந்து தேத்தண்ணி ஊற்றி, அவருடைய இடக்கையில் கோப்பையைப் பிடிப்பித்து, அன்று எந்த மரம் என்ன நிறம் என்று ஒப்புவிப்பாள். அவர் கேட்பதுபோல் பாவனை செய்வார். நாற்பது வருசச் சீவியம், அதற்குள் எத்தனையோ, அதை விடுவோம்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, ஊர் முழுக்க நாலரை மணித் தேத்தண்ணிக்குக் குந்தியிருந்த நேரத்தில், பாதை மெல்ல நகர்ந்து மிஸ் லேசியின் வீட்டுக்குள் போய்விட்டது. நகர்ந்ததை யாரும் காணவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் யாரும் வெளியே பார்ப்பதில்லை. தேவாலயத்திலிருந்து வயலுக்குப் போன நேர்கோடு இப்போது வளைந்து, மிஸ் லேசியின் முன்கதவால் நுழைந்து, சமையலறையைக் கடந்து, பின்கதவால் வெளியேறி வயலில் இறங்கியது. சமையலறைத் தரையில் நாலடி அகலத்துக்கு ஈரமண்ணும் உதிர்ந்த இலையும், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் பாசி பிடித்த ஒரு மரப்படி.

மிஸ் லேசி ஓய்வுபெற்ற ஆசிரியை, தனிக்கட்டை, பூனை ஒன்றுதான் துணை. தடிமனோடு மேல்மாடியில் படுத்திருந்தவர், காலையில்தான் இறங்கி வந்து பார்த்தார். பொதுவழியை மறிக்கக் கூடாது என்பது அந்த நாட்டில் ராசாக்கள் காலத்துச் சட்டம். ஆகவே முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு, இரவு உடுப்பை மாற்றப் போனார். அவ்வளவுதான். பத்து மணிக்கு நடக்க வந்தவர்கள் சப்பாத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து, "காலை வணக்கம், மிஸ் லேசி, நல்ல வெளிச்சம் இன்றைக்கு" என்று சொல்லி, மரப்படியில் ஏறி இறங்கி, பின்கதவால் போனார்கள். அடுத்தநாள் அவர் வாசலில் ஒரு கால்மிதி போட்டார். அதற்கடுத்தநாள் மேசையில் பிஸ்கட் தட்டு வைத்தார். ஊர்ச்சபை வியாழக்கிழமை கூடியபோது, தேவாலயக் கூரை ஒழுக்கு, நாய்கள் அசுத்தம் செய்வது எல்லாம் பேசி முடித்த பிறகு, ஏழாவது விசயமாக இதை எடுத்து, 'கடந்து சென்றபின் தயவுசெய்து கதவைச் சாத்தவும்' என்று ஒரு பலகை வைப்பதென்று தீர்மானித்தார்கள். வயல்களில் மாடு வெளியே போகாமல் படலையைச் சாத்தச் சொல்லி வைக்கிற அதே பலகை.

அந்தச் சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு. பொதுவழியில் போகலாம், வரலாம், தங்கக் கூடாது. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை, முதலில் பூனை போகும்வரை. பூனை சமையலறைப் பாதையில் இலைமேல் சுருண்டு படுத்தது, அரைமணி கழித்துப் பார்த்தால் பூனை இல்லை. அடுத்த சனிக்கிழமை, நடக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக் களைத்துப்போன மிஸ் லேசி, அடுப்புச் சூடு படுகிற இடம் அதுதான் என்று, கதிரையைப் பாதை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கோப்பையில் பாதித் தேத்தண்ணி சுடச்சுட இருந்தது, கதிரை இருந்தது, மிஸ் லேசி இல்லை. கைகாட்டிமரத்தில் மூன்றேகால் மைல் என்று செதுக்கியிருந்தது.

ஐயோ என்று ஒரு சத்தம்? கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்கள், "மிஸ் லேசி முன்னால் போய்விட்டார்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அது பொய்யுமில்லை. பீச் காட்டில் புதிதாக முளைத்திருந்த கால் மைலில், மரங்களுக்கிடையே, அவருடைய பச்சைநிற மழைக்கோட்டு போய்க்கொண்டிருப்பதைப் பலர் கண்டார்கள். எட்டி நடந்தாலும் ஓடினாலும் அதே தூரம்தான், கூப்பிட்டால் திரும்புவதில்லை. பேர்மிங்காமிலிருந்து மருமகள் முறையான ஒருத்தி வந்து ஒரு சுற்று நடந்து, பச்சைக் கோட்டைக் கண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்ல சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினாள்.

தையல்நாயகியும் கண்டாள். அவளுக்கும் பயம் பிடித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கால் மைல் இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது! மற்ற இடத்து மரங்கள் வெறும் மரங்கள் என்று ஆகிவிட்டது. அங்கே இலை தேனும் செம்பும் கலந்த நிறத்தில் ஒரே அளவாகப் பழுத்திருந்தது, வெயில் ஒரே சாய்வில் விழுந்தது, மண்ணில் காளான் வாசம், எங்கோ யாரோ விறகு எரிக்கிற புகை, பிளாக்பெரி பறிக்கப் பறிக்கத் தீராமல் நின்றது. பதினான்கு வயதில் குப்புறப் படுத்து வாசித்த அதே இலையுதிர்காலம், அச்சுப்பிசகாமல். அவள் உட்காராமல், நிற்காமல், புத்தகத்தை விரித்துப் பிடித்து வாசித்துக்கொண்டே அதற்குள் நடந்தாள். வீட்டுக்கு வரும்போது முகம் இருபது வயது குறைந்திருந்தது. பயமும் ஆசையும் ஒரே பாத்திரத்தில் கொதித்தால் அப்படித்தான்.

பாதை அடுத்து விவசாயி பிரிட்சர்டின் வீட்டுக்குள் போனது. பிரிட்சர்ட் பாரிய உடம்பும் பிடிவாதமும் உள்ள மனிதர், தன் கதிரை தன் இடத்தில்தான் இருக்கும் என்றார், மத்தியானம் அதில் சாய்ந்து கண்ணயர்ந்தார். கைகாட்டிமரத்தில் மூன்றரை மைல். பீச் காட்டில் ஒரு பழுப்புநிறத் தொப்பி. ஊர்ச்சபை கூடி, அவருடைய ஆடுகளை யார் பார்ப்பது என்று ஒழுங்கு செய்தது.

அப்போதுதான் குலசிங்கம் வாயைத் திறந்தார். யன்னலுக்கு வெளியே வீடுகளின் வரிசையை அவர் பார்த்துக்கொண்டே இருந்தவர்தானே. லேசி வீடு, பிரிட்சர்ட் வீடு, அடுத்தது ஜென்னிங்ஸின் மதுக்கடை, அதற்கடுத்தது அவர்களுடையது.

"இஞ்சாரும், நான் சொல்லுறதைக் கேளும். பிள்ளையிட்டைப் போவம். நாளைக்கே போவம்."

பிள்ளை என்றால் சுகிர்தா, ஒரே மகள், லண்டன் ஹரோவில் பல்வைத்தியர்.

"நாளைக்கேன் அந்தரப்படுறியள்? ஜென்னிங்ஸின்ரை கடையிலை ஒரு கிழமை எண்டாலும் நிக்கும். சுகி சனிக்கிழமை காரோடை வாறன் எண்டவள்."

"நான் எழும்பி ஓடுற ஆளில்லை, நாயகி. எனக்குப் பயமாக் கிடக்கு."

அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஊரில் செல்குண்டு விழுந்த காலத்திலும் சொன்னதில்லை. அவள் போய் அவர் தலையைத் தடவினாள். அந்த நேரத்திலேயே உடுப்புப் பெட்டியை இறக்கியிருக்க வேண்டும். ஆனால் யன்னலுக்கு வெளியே மலைச்சரிவு முழுக்கத் தீப்பிடித்ததுபோல் எரிந்துகொண்டிருந்தது, இன்னும் நாலைந்து நாளில் காற்று எழும்பினால் எல்லாம் கொட்டிவிடும், பிறகு ஒரு வருசம் காத்திருக்க வேண்டும், அவளுக்கு வயது அறுபத்தாறு.

"சனிக்கிழமை கட்டாயம் போவம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மழை. பதினொரு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. ஊர்ச்சபைத் தலைவி மிஸிஸ் ஆட்லி, குடையில்லாமல், கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு படிவத்தோடு நின்றார். பொதுவழி வீட்டினூடாகச் செல்வதில் வீட்டுக்காரருக்கு ஆட்சேபணை உண்டா, இல்லையா. உண்டென்றால் காரணம் எழுத வேண்டும், இல்லையென்றால் கையெழுத்து மட்டும்.

"வெறும் சம்பிரதாயம்தான். மிஸ் லேசியும் முதலிலேயே போட்டார், பாவம், மிஸ்டர் பிரிட்சர்டும் போட்டார். ஜென்னிங்ஸ் ஸ்பெயினில் விடுமுறையில் இருக்கிறார், அவர் வந்த பிறகு வாங்கிக்கொள்வேன். உங்களுக்கு அவசரமில்லை. யோசித்துச் செய்யுங்கள், நான் இப்படியே நிற்கிறேன்" என்றார். தலைமுடியிலிருந்து தண்ணீர் மூக்கில் சொட்டியது. உள்ளே வரச்சொன்னால் வரமாட்டார், சப்பாத்து சேறு என்பார்.

முன்னறையிலிருந்து குலசிங்கம் கத்தினார்: "ஆரது? கடதாசி ஏதும் கொண்டந்திருந்தால் வாங்கி மேசையிலை வையும். எந்தக் கடதாசியையும் ஒரு இரவு வைச்சிருந்து வாசிக்காமல் சைன் வைக்கப்படாது!"

கச்சேரியில் முப்பது வயதுவரை அதைத்தான் அவர் படித்தது. தையல்நாயகிக்கும் தெரியும். ஆனால் மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஒரு மனிசி தன்னால் நனைந்துகொண்டு நிற்கிறாள், அதுவும் ஒரு முறைப்பாடும் இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அந்த ஊரில் இருபத்தாறு வருசம் இருந்து அவள் கற்றது இதுதான்: தன் தொல்லைக்காக இன்னொருவரைக் காக்கவைப்பதைவிட வெட்கக்கேடு வேறில்லை. கடையில் எத்தனை தரம் கால் மிதிபட்டும் அவள்தானே மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்! பேனையை வாங்கினாள். ஆட்சேபணை இல்லை. கையெழுத்து.

"மிகவும் அன்பான மனசு உங்களுக்கு" என்றார் மிஸிஸ் ஆட்லி.

"ஆர் வந்தது?" என்றார் குலசிங்கம்.

"மிஸிஸ் ஆட்லி. சும்மா சுகம் விசாரிக்க" என்றாள். புருசனிடம் அவள் சொன்ன பொய்களை எண்ணினால் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும், அதில் இது ஒன்று.

புதன்கிழமை வானம் வெளித்துவிட்டது. கழுவிவிட்ட வெயில். அவள் அவருக்குச் சோறும் மீன்குழம்பும் தீத்தி, மருந்துக் குளிசை கொடுத்து, கம்பளியைக் காலில் போர்த்து, சில்லுக்கதிரையின் பிரேக்கைப் போட்டாள்.

"இண்டைக்கும் போகத்தான் வேணுமே?"

"இதுதான் கடைசி. நாளைக்கும் நாளையிண்டைக்கும் பெட்டி அடுக்க வேணும்."

"நாலு மணி."

"ஓம், நாலு மணி."

புத்தகத்தில் நாற்பது பக்கம்தான் மிச்சமிருந்தது. புதிதாக முளைத்த அரை மைலுக்குள் போனபோது மணி மூன்று. இலை விழுவதே ஒரு ஒழுங்கில் விழுந்தது, ஒவ்வொன்றாக, அவள் பக்கம் திருப்புகிற வேகத்துக்கு. முடிவில் வந்தபோது பதினொரு பக்கம் மீதி. இன்னும் ஒரு அத்தியாயம்தானே என்று அவள் வந்த வழியே பின்னோக்கிப் போகாமல், பாதையை விட்டுப் பற்றைக்குள்ளால் குறுக்கே ஏறி, அந்த அரை மைலின் தொடக்கத்துக்கே மறுபடி வந்து, இன்னொரு தரம் நடந்தாள். வாசித்து முடித்தாள். நல்ல முடிவு. மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது, தேவாலயத்து மணி நாலரை அடித்தது, முன்னால் பாதை நீளமாயிருந்தது. முன்பு இல்லாத ஒரு கால் மைல் அங்கே இருந்தது.

அந்தக் கால் மைலில் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். மண்ணிறச் சுவெட்டர், பின்னல் விட்ட இடத்தில் அவளே நீலநூலால் தைத்தது. வலக்கால் நேராகப் போய் நேராக மிதித்தது, வலக்கை வீசி வீசி வந்தது. அறுபத்தொன்பது வயதில் முப்பது வயதுக்காரனின் நடை.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோசம். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஐயோ நடக்கிறாரே, என்று கைகொட்டப் பார்த்தாள். அடுத்த மூச்சில் விளங்கியது.

"இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ, நில்லுங்கோ!"

மண்ணிறச் சுவெட்டர் திரும்பவில்லை. அவள் ஓடினாள், இலையில் சறுக்கி விழுந்தாள், எழும்பி ஓடினாள். அதே தூரம். ஊருக்குள் வந்தபோது ஜென்னிங்ஸின் மதுக்கடை பூட்டியபடி இருந்தது, பாதை அதைத் தொடாமல் சுற்றி வளைத்து நேரே அவளுடைய முன்கதவுக்குள் போயிருந்தது. கையெழுத்து விழுந்த வீட்டுக்குத்தான் பாதை போகும் என்று அப்போதுதான் உறைத்தது. முன்னறையில் ஈரமண், இலை, யன்னலடியில் மரப்படி, பாதை நடுவில் வெறும் சில்லுக்கதிரை. பிரேக் போட்டபடியே இருந்தது. அவள் அதன் காலடியில் விழுந்து, வாயில் சேலைத்தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவு என்று அடைத்தாள், பாருங்கள்!

சனிக்கிழமை வந்த சுகிர்தா ஊரைக் கிழித்துவிட்டாள். பொலிசைக் கூப்பிட்டாள். இளம் பொலிஸ்காரர் ஒருவர் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து பார்த்து, 'மேற்படி நபர் நல்ல தேகநிலையில் பொதுவழியில் நடந்து செல்கிறார், குற்றம் எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டார். மிஸிஸ் ஆட்லி ஆப்பிள் கேக் கொண்டுவந்தார். "உங்கள் கணவரை நேற்றுக் கண்டேன். எவ்வளவு நன்றாக நடக்கிறார்! உங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்" என்றார். மகள் கேக்கைக் குப்பையில் கொட்டினாள். தாய் மகளோடு போக மறுத்துவிட்டாள்.

"அப்பா வெளியிலை நிக்கிறார். நான் எப்பிடி வாறது?"

பன்னிரண்டு நாள் அவள் அவருக்குப் பின்னால் நடந்தாள். விடியத் தொடங்கினால் இருட்டும்வரை. புத்தகம் எடுத்துப் போகவில்லை. மரங்களை அண்ணாந்து பார்க்கவில்லை, பார்க்க அருவருத்தது. முதுகைத்தான் பார்த்தாள், அந்த நீலத்தையலை. காற்று எழும்பிவிட்டது, நாளுக்கொரு சரிவு மொட்டையாகியது, இலை முடிந்தால் பாதை ஊரைவிட்டு வேறெங்காவது போய்விடும், முன்னால் போனவர்களையும் கொண்டு போய்விடும் என்று கடையில் கதைத்தார்கள், அது ஒருவகையில் நல்லதுதான், வீடுகளைச் சுத்தம் செய்யலாம் என்றும் கதைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் பின்னேரம், மூச்சு வாங்கி மரப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு ஒன்று பொறிதட்டியது. இது வட்டம். வட்டத்தில் ஒருவரைப் பின்னால் துரத்திப் பிடிக்க முடியாவிட்டால், எதிரே போனால் அவர் வந்துதானே ஆக வேண்டும்? இருபத்தாறு வருசத்தில் இந்த யோசனை ஒருவருக்கும் வரவில்லையே, கடவுளே!

பதின்மூன்றாம் நாள் காலை முகம் கழுவி, பொட்டு வைத்து, அவர் விரும்புகிற மாம்பழநிறச் சேலையை உடுத்து, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு, தேவாலயத்து வாசலில் இடப்பக்கம் திரும்பினாள். நாயைக் கூட்டிக்கொண்டு வந்த மிஸிஸ் ஆட்லி நின்றுவிட்டார்.

"அந்தப் பக்கமா?" என்றார். "அப்படி... நாங்கள் வழக்கமாகப் போவதில்லையே."

அந்த ஊரில் அதைவிடக் கடுமையான சொல் இல்லை. தையல்நாயகி மன்னிப்புக் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்தடவை. விடுவிடென்று நடந்தாள்.

மலையின் பின்புறத்தில் பச்சை மழைக்கோட்டு எதிரே வந்தது. கிழமைக்கு இரண்டுதரம் அவளிடம் முத்திரை வாங்கிய மிஸ் லேசி. முகம் நன்றாகத் தெளிந்து, கன்னம் சிவந்து, கவலையே படியாமல் இருந்தது. "காலை வணக்கம்" என்றார், கண் அவளில் பட்டு வழுக்கிப் போனது, கடந்துவிட்டார். கொஞ்சம் தள்ளிப் பூனை தனியே போனது. அதற்குப் பிறகு பழுப்புத் தொப்பி. பிரிட்சர்ட் தொப்பியைத் தொட்டு, "காலை வணக்கம், மேடம்" என்றார். ஊரில் அவளை நாயகி என்று கூப்பிட்ட ஒரே வெள்ளைக்காரன். முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். கால் நிற்கப் பார்த்தது, நிற்கவிடவில்லை.

பீச் காட்டின் கடைசி வளைவில் அவர் வந்தார். இருபுறமும் வேலி, பாதை ஒடுக்கம். மண்ணிறச் சுவெட்டர், நரைமீசை, இடக்கன்னத்து மச்சம், எல்லாம் அவரேதான். கோணிப்போயிருந்த வாய் நேராகியிருந்தது. அவள் எட்டிப் போய் இரண்டு கையாலும் அவருடைய வலக்கையைப் பிடித்தாள். சூடாக, உயிராக, விரல்கள் அவள் விரல்களைத் திருப்பிப் பிடிக்கும் பலத்தோடு இருந்தது.

"நான்தான் பிழை விட்டனான். உங்களுக்குச் சொல்லாமல் சைன் வைச்சிட்டன். அரைமணித்தியாலம் பிந்திட்டன். என்னைப் பேசுங்கோ, அடியுங்கோ, ஆனால் வாங்கோ வீட்டை போவம். நாளைக்கே பிள்ளையிட்டைப் போவம், ஒரு இலையையும் நான் இனிப் பாக்கமாட்டன், வாங்கோப்பா!"

அவர் இடையில் குறுக்கிடாமல் தலையைச் சற்றுச் சாய்த்து முழுவதையும் கேட்டார். கையை இழுத்துக்கொள்ளவில்லை, இழுத்தால் அவள் மனம் நோகும் என்று விட்டிருந்தார். அவள் முடித்ததும் புன்னகைத்தார். அழகான, சுத்தமான இங்கிலீசில், அவர் வாயிலிருந்து அவள் ஒருநாளும் கேட்டிராத இங்கிலீசில் பேசினார்.

"மன்னிக்க வேண்டும், எனக்கு அந்த மொழி விளங்காது. ஆனால் கேட்க மிக இனிமையாக இருந்தது. நீங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தவர்?"

தையல்நாயகி அவர் கண்ணைப் பார்த்தாள். இடக்கண்ணைப் பார்த்தாள், வலக்கண்ணைப் பார்த்தாள். உள்ளே தேடினாள். பிறகு அவள் வாய், அவளைக் கேட்காமலேயே, மரியாதையாகப் பதில் சொல்லியது.

"இலங்கை. வடக்கே, யாழ்ப்பாணம். கொக்குவில் என்று ஒரு ஊர்."

"அப்படியா? நல்ல வெயில் என்று சொல்வார்கள்" என்றார் அவர். "எனக்கும் ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை."

பிறகு, பாதை ஒடுக்கமாக இருந்தபடியால், வேலியோரம் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார். தையல்நாயகி நன்றி சொல்லிவிட்டுக் கடந்து போனாள்.